தமிழ் மின்னூலின் கோப்பு வடிவங்கள்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

மின்னூல் வடிவங்களின் வரலாறு பெரும்பாலும் ஈபப்புக்கும் கிண்டிலுக்கும் இடையிலான போட்டியாகவே எழுதப்படுகிறது. தமிழ் நூலைப் பொறுத்தவரை அது பாதி வரலாறுதான். இங்கே கோப்பு வடிவத்துக்கு முன்பே, எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் குறியேற்றத்தின் சிக்கல் நின்றது. அதைக் கடந்த நூல்களே பின்வந்த வடிவ மாற்றங்களையும் தாண்டின என்பது இக்கட்டுரையின் வாதம்.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. முதலில் அவர் உருவாக்கிய மயிலை எழுத்துருவிலும், பின்னர் திஸ்கி குறியேற்றத்திலும், இறுதியில் ஒருங்குறியிலும் நூல்கள் வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் பனுவல் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆயினும் தட்டெழுதிய பனுவல் கையில் இருந்ததால் மென்பொருளைக் கொண்டே மாற்ற முடிந்தது. மதுரைத் திட்டம் நமக்குச் செய்த பெரிய உதவி இதுவே என்பேன்.

இலங்கையில் நிலைமை வேறு. இங்கு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வேரூன்றியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கருவியில் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். பாமினியில் கோத்த நூலைப் பிடிஎஃப் ஆக்கினால் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் வருடிப் பிடிஎஃப் கோப்புகளாகத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு, பக்கத்தை உள்ளபடியே காப்பது முதற் கடமை. அந்தத் தெரிவு சரியானது. ஆனால் வருடிய பக்கம் படமே. ஆறு அங்குலத் திரையில் அதைப் பெருக்கிப் பெருக்கித்தான் படிக்க வேண்டும். மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் போன்ற கரையோர ஊரொன்றிலிருந்து கைபேசியில் வாசிப்பவருக்கு இது சிறிய இடர் அல்ல.

ஈபப் 2007இல் தரமானது. இணையப் பக்கங்களைச் சுருக்கிக் கட்டிய பொதி என்பதால், திரைக்கேற்ப வரிகள் தாமே மடியும். அதே ஆண்டில் கிண்டில் கருவியும் வந்தது. 2005இல் அமேசான் வாங்கிய மோபிபொக்கெட்டின் வடிவத்தை அது அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்கு இரண்டும் உடனே உதவவில்லை. ஒருங்குறியில் ‘கெ’ என்பதற்குக் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படும்; கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது கருவியின் வேலை. தொடக்ககாலக் கருவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிந்தாலும் பயனில்லை. அதனால்தான் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் ஈபப், மோபி ஆகியவற்றோடு ஆறு அங்குலப் பிடிஎஃப்பையும் தனியே வெளியிட்டார்கள். எழுத்துகளைப் படம்போல் நிலைநிறுத்தி, கருவியின் குறையைச் சுற்றிப்போன வழி அது.

2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. 2022இல் வாசகர் அனுப்பும் ஈபப்பை ஏற்கத் தொடங்கி, மோபியைப் படிப்படியாகக் கைவிட்டது. 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் வடிவத்தை மட்டும் நம்பிய நூலகம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஒருங்குறிப் பனுவல் வைத்திருந்தவருக்கு இவை எல்லாம் மறுபடி ஏற்றுமதி செய்யும் வேலைதான். வருடிய படம் மட்டும் வைத்திருந்தவர் எழுத்துணரியை நம்ப வேண்டும், அதன் பிழைகளை வரிவரியாகத் திருத்தவும் வேண்டும்.

ஆகவே மன்னாரின் நாட்டுக்கூத்து, வாசாப்பு நாடகப் பிரதிகளையும் தேவாலயப் பங்கு மலர்களையும் பதிப்பிப்போர் அச்சுப் பிடிஎஃப்போடு நின்றுவிட வேண்டாம். அச்சகத்திடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுங்கள். பாமினியில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, பிடிஎஃப்போடு ஈபப்பையும் நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள்.