தரையில் வரைந்த கடல்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடப் பிரிட்டானியரிடம் ‘ஆஸ்டிக்’ என்னும் கருவி இருந்தது. நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியால் பகையை அறிவது அது. ஆனால் இரவில் நீர்மட்டத்தில் மிதந்தபடியே தாக்க வந்த கலத்தை அதனால் எளிதில் காண இயலவில்லை.

1942 சனவரியில் லிவர்பூல் நகரின் டெர்பி மாளிகையில், காசநோயால் கடற்படையிலிருந்து முன்பே விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் விந்தையானதோர் ஆய்வைத் தொடங்கினார். கட்டமிட்ட தரையே கடல். சுண்ணக்கட்டிக் கோடுகளே கப்பல்களின் தடம். வரைந்தவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். பயிற்சிக்கு வந்த தளபதிகள் திரைத்துளை வழியேதான் நோக்க வேண்டும். நள்ளிரவுக் கடலில் அதற்குமேல் தெரியாதல்லவா?

நீர்மூழ்கி கப்பலணிக்கு வெளியே, தொலைவில் நின்றே டார்பிடோ எய்கிறது என்பது மேலிடத்தின் கருத்து. அப்படியானால் நடுவரிசைக் கப்பல் வீழ்ந்ததெப்படி? தரையில் மீண்டும் மீண்டும் நிகழ்த்திப் பார்த்தனர். காவலர் கண்கள் முன்னோக்கியிருக்க, பகைவன் பின்புறமாக வரிசைகளுக்குள்ளேயே புகுந்திருந்தான்! காவற்கப்பல்கள் பின்சென்று தேடும் உத்தி அவ்வாறு பிறந்தது. அதற்கு ‘ராஸ்பெரி’ எனப் பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லா என்ற பெண். ஹிட்லரை நோக்கி எழுப்பும் ஏளன ஒலி என்பது பொருள்.

பெண்களிடம் பாடம் கேட்பது மூத்த மாலுமிகளுக்கு உவப்பாயிருந்திராது. ஆயினும் போர் முடியுமுன் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அத்தரைமுன் வந்து நின்றனர்.