தீட்டிய முனையும் தீட்டாத முனையும்

அரிவாளைத் தீட்டுவதும் ஓவியத்தைத் தீட்டுவதும் கவிதையைத் தீட்டுவதும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கொல்லனின் கல்லையும் புலவனின் எழுத்தாணியையும் ஒரு வினைச்சொல்லில் இணைத்த மொழி, அவ்விருவர்க்கும் பொதுவான அறம் ஒன்றையும் உணர்த்துகின்றது. எதனைத் தீட்டவேண்டும், எதனைத் தீட்டாது விடவேண்டும் என்று அறிவதே அவ்வறம். பண்டைத் தமிழகத்து இரும்பு அம்புமுனைகளின் வரலாறு இதற்கு ஏற்ற சான்றாக அமைகின்றது.

காவிரி வளப்படுத்தும் மருதநிலம் வேடரின் நிலமன்று. இரும்புத்தாது கிடைக்கும் மலையும் இங்கில்லை. பனையைத் தலமரமாகக் கொண்ட திருப்பனந்தாளில், பனைமட்டையின் பல்விளிம்பிற்கும் கதிரறுக்கும் அரிவாளின் பல்லுக்கும் ‘கருக்கு’ என்பதே பெயர். உழவர் அறிந்த கூர்மை அதுவே. ஆயினும் அம்பு இம்மண்ணில் முற்றிலும் மறக்கப்படவில்லை. விசயதசமியன்று இறைவன் எழுந்தருளி அம்பு எய்யும் விழா தமிழகக் கோயில்கள் பலவற்றில் நிகழ்கின்றது. அதற்கு முந்தைய நாளில் ஏரும் அரிவாளும் ஏடும் சந்தனம் பூசப்பெற்று வழிபடப்பெறுகின்றன.

அம்பின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் வழங்கிய மொழி தமிழ். நாணில் பொருந்தும் பிளவு குதை எனப்பட்டது. முனையின் அடியில் தண்டு நுழையும் குழிவு சுரை எனப்பட்டது. வேலின் சுரையும் காழும் கட்டுத் தளர்ந்த நிலையை அதியமானைப் பாடிய ஔவையார் பதிவு செய்துள்ளார். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாக வன்பரணர் பாடினார். புலவரின் மிகைநவிற்சி ஒருபுறம் நிற்க, முனையின் கூர்மை எத்துணை மதிக்கப்பட்டது என்பதை அப்பாடல் காட்டுகின்றது.

வேட்டை அம்பின் இயல்பை அறிந்தோர்க்கு இம்மதிப்பு வியப்பளிக்காது. அகன்ற இலை போன்ற வேட்டைமுனை, குருதிக் குழாய்களை அறுத்தே விலங்கை வீழ்த்துவது. விளிம்பு மழுங்கியிருந்தால் விலங்கு காயத்துடன் ஓடி, புதரிடையே நெடுநேரம் துன்புற்று மடியும். ஆகவே முனையைத் தீட்டுவது வேடனுக்குத் திறமை மட்டுமன்று, கடமையுமாகும். அரத்தை இருபது முதல் இருபத்தைந்து பாகைச் சாய்வில் ஒரே சீராக ஓட்டி, விளிம்பில் எழும் பிசிறைக் கல்லில் நீக்கி, இறுதியில் தோலில் தேய்த்தெடுப்பது இக்காலத்தார் கைக்கொள்ளும் முறை.

பழைய முனையை இனங்காண்பதும் ஒரு கலையே. அகன்ற இலைவடிவம் பெரும்பாலும் அறுப்பதற்கு உரியது. ஒடுங்கிய ஊசிவடிவம் துளைப்பதற்கு உரியது. பின்னோக்கிய செவிகள் முனை கழன்று விழாமல் தடுப்பன. சுரை உடையதா, தண்டினுள் செருகும் முளை உடையதா என்பது அடுத்துக் காணவேண்டியது. சுரையின் விட்டமும் முனையின் எடையும் அது அம்பா, சிறுவேலா என்பதை உணர்த்தும்.

இவ்வகைக் கருவிகள் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. 1876-இல் ஜாகர் என்னும் செருமானியர் அகழ்ந்த ஆதிச்சநல்லூரில், பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்வு செய்தார். அவருடைய பொருட்பட்டியல் 1915-இல் அச்சேறியது. வாள், வேல் ஆகியவற்றுடன் அம்புமுனைகளும் அங்குக் கிட்டின. காவிரியின் கிளையான நொய்யற்கரைக் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையே வெளிப்படுத்தின. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசின் ஆய்வறிக்கை 2025 சனவரியில் அறிவித்தது.

கொல்லன் உலைக்களத்தின் பெருமையை ஔவையாரைப் போல் உணர்த்தியவர் அரியர். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்குப் படைக்கலக் கொட்டில் காட்டப்பெற்றது. அங்கிருந்த வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று விளங்கின. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லனின் சிறுகுடிலில் கிடக்கின்றன என்றார் அவர். புகழ்வது போல் பழித்த திறத்தையே இப்பாடலில் பலரும் வியப்பர். கருவியின் வரலாற்றை நோக்குவார்க்கு அது வேறொன்றும் கூறுகின்றது. சிதைவே பயன்பாட்டின் சான்று. பழுதுற்ற கருவி மீண்டும் மீண்டும் உலைக்குச் சென்று கூர்பெற்றது.

மேலைநாட்டிலும் இந்நிலையைக் காணலாம். அமெரிக்காவில் 1911-இல் வெளியுலகிற்கு வந்த யாகி இனத்தவரான இஷியிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர், 1923-இல் அதைப்பற்றி நூல் எழுதினார். அதன்பின் பெருகிய எஃகு வேட்டைமுனைகளை அந்நாட்டார் இன்று வடிவமும் முத்திரையும் கண்டு சேகரிக்கின்றனர். எய்வதற்கு எடுப்போர் தீட்டுகின்றனர். அரிய முனைகளைப் பேணுவோர் அரம் படாமல் வைக்கின்றனர். இந்தியாவிலோ 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை முனைக்கு வேலையில்லை. இங்கு எஞ்சியிருப்பது பேணும் கடமை ஒன்றே.

மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த முனையில் இரும்பே இல்லாமற் போகலாம். துருவே அதன் உடலாக நிற்கும். அத்துருவினுள் மரத்தண்டின் நாரமைப்பு பதிந்திருக்கலாம். விளிம்பின் தேய்வில் அன்றைய கொல்லன் தீட்டிய தடம் எஞ்சியிருக்கலாம். பளபளப்பை விரும்பிச் சாணை பிடிப்பவர், வரலாற்றையே உதிர்த்துவிடுகின்றார்.

இது தொலைவிலுள்ளார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. திருப்பனந்தாளுக்குத் தென்கிழக்கே, மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் 2006-இல் பள்ளியாசிரியர் ஒருவர் தம் தோட்டத்தில் குழி தோண்டியபோது கற்கோடரி ஒன்று கிடைத்தது. அதிலிருந்த குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என ஐராவதம் மகாதேவன் கருதினார். அவர் கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அக்கல் கூர் தீட்டப்பெற்றோ வேறுவகையில் சிதைக்கப்பெற்றோ இருந்தால், ஏற்கவும் மறுக்கவும் ஒன்றும் இருந்திராது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என 1878-இன் புதையல் சட்டம் விதித்தது. சட்டத்தினும் முந்தி வேண்டுவது, கண்டவர் கை காட்டும் பொறுமை.

அப்பொறுமைக்கு இப்பகுதியிலேயே உயர்ந்த முன்மாதிரி உண்டு. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஔவையின் அப்பாடல் அச்சில் உலவத் தொடங்கியது அவ்வாண்டிலேதான். செல்லரித்த ஏடுகளில் சில அடிகள் சிதைந்திருந்தன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவேயில்லை. யாப்பறிந்த அப்புலவர்க்கு அவ்விடங்களை நிரப்புதல் அரிதன்று. எனினும் அவர் சிதைவைச் சிதைவாகவே விட்டார். அதனாலேயே எஞ்சிய அடிகளை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்.

புதுக் கவிதையை ஓயாது தீட்டுக. பழம்பொருளில் கை வைக்காதிருக்க. கொல்லன் குடிலில் சிதைந்து கிடந்த வேல், மாலை சூடிய வேலினும் மேம்பட்டது என்றார் ஔவையார். துருவேறிக் கிடக்கும் அம்புமுனைக்கும் அப்பெருமை உரியதே.