ஜோக்கர் என்னும் எதிர்த்தலைவன்: மறுவாசகர் கண்ட வரலாறு

பத்து சென்ட் விலைக்கு விற்று, படித்தபின் எறியப்பட்ட அமெரிக்கப் படக்கதை இதழ்கள் ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ எனச் சிலர் ஐயுறலாம். ஐயுறுதல் இயல்பே. ஆயினும், ஒரு கதையின் பழைய வடிவம் யாது, அதனை ஆக்கியோர் யாவர் என்னும் இரு வினாக்களும் சுவடி ஆராய்வோரை எவ்வாறு உறங்கவொட்டாது செய்கின்றனவோ, அவ்வாறே அவ்விதழ்களைப் பேணிவைத்துத் திரும்பத் திரும்பப் படித்த ஆர்வலரையும் செய்தன. பேட்மேன் கதைகளில் வரும் ஜோக்கர் என்னும் எதிர்த்தலைவனது வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மறுவாசகரால் அப்பாத்திரம் தன் பழைய இயல்பை மீளப் பெற்றது. அதனை ஆக்கியோருள் ஒருவர் தம் பெயரைப் பெற்றார், ஆனால் இறந்த பின்னரே பெற்றார்.

பேட்மேன் 1939ஆம் ஆண்டு 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் தோன்றினான். மறு ஆண்டு இளவேனிலில் அவன் பெயராலேயே தனி இதழ் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் முதலிதழில் ஜோக்கர் இரு கதைகளில் வருகிறான். முதற்கதையில், இன்னார் நள்ளிரவில் இறப்பார் என வானொலி வாயிலாக முன்னரே அறிவிக்கிறான். காவலர் சூழ நிற்கவும் அவர் குறித்த பொழுதில் இறக்கிறார். இறந்தவர் முகத்தில் கோரமான சிரிப்பு உறைந்து நிற்கிறது. இறுதிக்கதையில், பேட்மேனுடன் பொருதுங்கால் தன் கத்தியே தன் மார்பிற் பாய ஜோக்கர் வீழ்கிறான். கதை அங்கேயே முடிந்திருத்தல் வேண்டும். ஆனால் அதன் பின்னும் ஒரு படக்கட்டம் உளது. நோயாளர் ஊர்தியில் மருத்துவர் ஒருவர் அவனை ஆராய்ந்து, இவன் இறந்திலன், பிழைத்துக்கொள்வான் என வியந்து கூறுகிறார்.

இக்கட்டம் ஓர் இடைச்செருகல். எழுதியவரான பில் ஃபிங்கர் ஜோக்கரைக் கொன்றுவிடவே கருதினார். பிடிபட்ட பகைவன் மீண்டும் மீண்டும் வருவானாயின், பேட்மேன் ஆற்றல் குன்றியவனாகத் தோன்றுவான் என்பது அவர் அச்சம். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இவ்வளவு சிறந்த எதிர்த்தலைவனை இழக்க உடன்படாமையின், கட்டம் ஒன்று அவசரமாகச் சேர்க்கப்பட்டது. முடிவை நோக்கி விரையும் சிறுவர்க்கு இது புலப்படாது. கதையை அறிந்தபின் மறுபடியும் படிப்பவரே, வீழ்ச்சிக்கும் பிழைப்புக்கும் இடையேயுள்ள தையலைக் காண்பர். எண்பது ஆண்டுகட்கு மேலாக எழுந்த ஜோக்கர் கதைகள் யாவும் இவ்வொரு கட்டத்தின் மேல் நிற்கின்றன. ஃபிங்கரின் அச்சமும் பொய்த்துவிடவில்லை. இத்துணைக் கொலை புரிந்தவனைப் பேட்மேன் ஏன் கொல்லாது விடுகிறான் என்னும் வினாவைப் பிற்கால வாசகர் ஓயாது எழுப்பி வருகின்றனர். அதற்கு விடையாகவே பல கதைகள் எழுதப்பட்டும் உள்ளன.

இனி, இவனைப் படைத்தவர் யார்? அக்கால இதழ்களில் ஓவியர் பாப் கேன் கையொப்பம் ஒன்றே காணப்படும். அவருக்குத் துணையாயிருந்த இளம் ஓவியர் ஜெரி ராபின்சன், சீட்டுக்கட்டிலுள்ள ஜோக்கர் சீட்டைக் கொண்டு இவ்வெதிர்த்தலைவனைக் கருதியவர் தாமே என்றார். கேன் அதனை மறுத்து, ராபின்சன் கொணர்ந்தது சீட்டு மட்டுமே என்றார். எனினும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். விக்டர் ஹியூகோ 1869இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி 1928இல் வந்த 'சிரிக்கும் மனிதன்' என்னும் திரைப்படத்தில், கான்ராட் வைட் என்னும் நடிகர் விரிந்த வாயும் பற்களும் தோன்ற நிற்கும் புகைப்படத்தைக் கொணர்ந்தவர் ஃபிங்கரே என்பது அது. மாறுபட்ட இருவர் தமக்கு ஆதாயமில்லாத ஒன்றை உடன்பட்டுக் கூறின், அதனை ஏற்பதே ஆராய்ச்சி நெறி. ஆதலின் முகம் ஃபிங்கர் வழி வந்தது எனத் துணியலாம். பெயரும் சீட்டும் யாருடையன என்பதில் எம் மனம் ராபின்சன் பக்கமே சாய்கின்றது. ஆயினும் அது துணிபன்று.

முதலிதழின் கொடுமை நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஜோக்கர் கொலையை விடுத்துக் குறும்பு செய்யும் திருடன் ஆயினான். 1954இல் அமெரிக்க ஆட்சிமன்றக் குழுவொன்று படக்கதைகளால் இளைஞர் கெடுகின்றனரா என உசாவியது. பிரெடெரிக் வெர்த்தம் என்னும் மனநோய் மருத்துவரின் கண்டன நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. அஞ்சிய பதிப்பாளர் தமக்குத் தாமே ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை அமைத்துக்கொண்டனர். ஆகவே ஜோக்கரை மென்மையாக்கியது இவ்விதியே என்பார் கூற்றுப் பாதி உண்மையே ஆகும். விதி வருமுன்னரே அவன் மென்மையுற்றான். விதி அதற்கு முத்திரையிட்டது.

அம்மென்மைக் காலத்தில் ஃபிங்கர் எழுதிய கதையொன்று இங்குக் கருதத்தக்கது. 1951இல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 168ஆம் இதழில் வந்த அதில், பேட்மேன் பல்கலைக்கழகமொன்றில் குற்றவியல் கற்பிக்கச் செல்கிறான். பத்தாண்டுக்கு முன் துப்புத் துலங்காது போன செங்கவசத் திருடன் வழக்கை மாணாக்கர்க்கு ஆய்வுப்பொருளாக அளிக்கிறான். சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் திருடித் தப்பிய அவன், இரசாயனக் கழிவுநீரில் நீந்தியமையால் முகம் வெளுத்து, மயிர் பசுமையாகி, உதடு சிவந்து ஜோக்கர் ஆயினான் என்பது முடிவில் வெளிப்படும். பழைய வழக்கை மாணாக்கர் மீள ஆராய, எதிர்த்தலைவனின் பிறப்பு விளங்குகிறது. பின்னர் ஆர்வலர் செய்யவிருந்த பணியை ஃபிங்கர் அறியாமலே எழுதிவைத்தார் போலும்!

அவ்வார்வலர் இயக்கம் 1961இல் உருப்பெற்றது. டெட்ராய்ட் நகரிலிருந்த ஜெரி பெய்ல்ஸ் என்னும் பேராசிரியர், ராய் தாமஸ் என்னும் இளைஞர் துணையுடன் 'ஆல்டர் ஈகோ' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். பெய்ல்ஸ் இலக்கியம் கற்பித்தவர் அல்லர், அறிவியல் கற்பித்தவர். இதழ்தோறும் எழுதியவர் யார், வரைந்தவர் யார், மையிட்டவர் யார் எனப் பெயரில்லாப் பக்கங்களை நடையாலும் கோட்டாலும் பிரித்தறிந்து அட்டவணைப்படுத்தும் பழக்கம் அவ்வறிவியல் மனத்திலிருந்து வந்தது போலும். 1964இல் பில்ஜோ ஒயிட் என்பார் பேட்மேனுக்கெனவே 'பேட்மேனியா' என்னும் சிற்றிதழை வெளியிட்டார்.

1965இல் நியூயார்க்கில் கூடிய ஆர்வலர் மாநாட்டிற்கு ஃபிங்கர் வந்திருந்தார். அவரிடம் கேட்டறிந்தவற்றைப் பெய்ல்ஸ் அவ்வாண்டே கட்டுரையாக வெளியிட்டு, பேட்மேன் உருவிலும் கதையிலும் ஃபிங்கருக்குள்ள பெரும்பங்கை எடுத்துரைத்தார். கேன் வெகுண்டார். படைத்தவன் யானே, ஃபிங்கர் பின்னர் வந்து எழுதியவரே என்னும் கருத்துப்பட நெடிய மறுப்பு ஒன்றை எழுத, அதுவும் 'பேட்மேனியா'வில் அச்சாயிற்று. பெரும் பதிப்பகத்தின் பக்கங்களில் நிகழாத இவ்வழக்கு, சில நூறு பேர் படித்த சிற்றிதழ்களில் நிகழ்ந்தமை நோக்கத்தக்கது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. 1974 சனவரியில் ஃபிங்கர் காலமானார். பேட்மேனைப் படைத்தவர் என்னும் வரியில் அவர் பெயர் அதுகாறும் அச்சேறவில்லை.

அதற்குச் சில திங்கள் முன்னர், 1973இல், அவர் படைத்த பழைய ஜோக்கர் மீண்டு வந்தான். 'பேட்மேன்' 251ஆம் இதழுக்குக் கதை எழுதிய டென்னி ஓநீல், பதிப்பகத்தின் நூலகத்திற்குச் சென்று தொடக்கக்காலக் கதைகளைப் படித்து, கேனும் ஃபிங்கரும் கருதியது யாது என உணர முயன்றதாகப் பின்னர்க் கூறினார். நீல் ஆடம்ஸ் வரைந்த அவ்விதழில் ஜோக்கர் மீண்டும் கொலைஞன் ஆனான். 1978இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி மார்ஷல் ராஜர்ஸ் வரைந்த கதையிலும், பொழுது குறித்துக் கொல்லும் முதலிதழ் உத்தி திரும்புகிறது. புதுமை என அக்காலத்தார் போற்றிய இவையெல்லாம் மூலபாடத்திற்குத் திரும்பியனவே.

மறுவாசிப்பு எப்பொழுதும் நன்மையே பயக்கும் என்று கொள்ளற்க. 1988இல் இரண்டாம் ராபினாகிய ஜேசன் டாடை ஜோக்கர் கையில் இறக்கவிடுவதா, பிழைக்கவிடுவதா என வாசகரையே தொலைபேசி வழியே வாக்களிக்கச் செய்தனர். இறக்க என்றவர் வாக்கு 5,343. வாழ்க என்றவர் வாக்கு 5,271. எழுபத்திரண்டு வாக்கு வேறுபாட்டில் ஒரு சிறுவன் மாண்டான். அன்று பேட்மேன் இதழ்களுக்குப் பதிப்பாசிரியராயிருந்தவர் அதே ஓநீல். நூலகத்திற்குச் சென்று பழம் பாடம் தேடிய வாசகர் வேறு. காசு கொடுத்து முடிவை விலைக்கு வாங்கிய வாசகர் வேறு. இருவரையும் ஆர்வலர் என்னும் ஒரு சொல்லாற் குறிப்பது மயக்கம் தருவதாகும்.

அதே 1988இல் ஆலன் மூர் எழுத, பிரயன் போலண்ட் வரைந்த 'கில்லிங் ஜோக்' வெளிவந்தது. ஃபிங்கரின் செங்கவசத்தையும் கழிவுநீரையும் மூர் எடுத்துக்கொண்டு, திருடனுக்கு மாறாக வறுமையுற்ற நகைச்சுவை நடிகனை அதனுள் வைத்தார். தன் பழங்காலம் ஒவ்வொரு முறை ஒவ்வொரு வகையாக நினைவுக்கு வருகிறது என ஜோக்கர் கூறுமாறும் செய்தார். 2020இல் ஜெஃப் ஜான்ஸ், ஜேசன் ஃபேபொக் இருவரும் ஆக்கிய கதையில் ஜோக்கர் ஒருவன் அல்லன், மூவர்: குற்றவாளி, கோமாளி, நகைச்சுவைஞன். 1940இன் கொலைஞனும் இடைக்காலக் குறும்பனும் மூரின் பாத்திரமும் ஒருவரே ஆதல் யாங்ஙனம் எனக் கேட்ட வாசகர்க்கு இது விடை. விடை சிறப்புடையதன்று. பாட வேறுபாடுகளைப் பொருத்த மாட்டாமல், நூல் மூன்று என்று கூறிவிடும் பதிப்பாசிரியர் செயலை ஒக்கும் அது.

ஃபிங்கர் பெயருக்கு மீள்வோம். 1989இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஃபிங்கர் தமக்குரிய புகழைப் பெறாமற் போனார் எனக் கேன் ஒப்புக்கொண்டார். 2012இல் மார்க் டைலர் நோபிள்மன் ஃபிங்கர் வரலாற்றை நூலாக எழுதினார். அவர் தேடலால் ஃபிங்கருக்குப் பேத்தி ஒருவர் உளர் என்பதும் வெளிப்பட்டது. 2015 செப்டம்பரில் பதிப்பகம் இணங்கியது. இப்பொழுது 'பாப் கேன், பில் ஃபிங்கருடன்' என்னும் பொருளில் இருவர் பெயரும் அச்சாகின்றன. 'உம்' என இருவரையும் ஒப்ப இணைக்கும் சொல் இடாது, 'உடன்' எனத் துணையாக்கும் சொல்லை ஆங்கிலத்தில் இட்டது தற்செயல் அன்று. தலைமை கேனுக்கே என்பது அதன் கருத்து. ஆனால் ஒருவினை புரிவார் இருவருள் உயர்ந்தவர் பெயரே ஒடுவுருபு ஏற்கும் எனத் தொல்காப்பியர் வேற்றுமைமயங்கியலுள் விதித்தார். மாணாக்கர் ஆசிரியரொடு வந்தார் என்பதன்றி, ஆசிரியர் மாணாக்கரொடு வந்தார் என்பது அவ்விதிக்கு ஏலாது. அவ்வாங்கிலத் தொடரைத் தமிழிற் பெயர்த்தால், 'ஃபிங்கரொடு கேன்' என்றே வரும். அமெரிக்க வழக்கறிஞர் இதனைக் கருதியிரார்.