துட்டு வந்தது, ‘ஓண்டர்’ வரவில்லை

சென்னை ஆதம்பாக்கத்தில் நின்றுகொண்டு டச்சுக்காரர்களின் தடத்தைத் தேடினால் வடக்கே ஒரு கோட்டை, தெற்கே ஒரு கோட்டை. வடக்கே பழவேற்காட்டில் 1613-ல் எழும்பிய கெல்ட்ரியா. தெற்கே கல்பாக்கத்தை ஒட்டி, செங்கல் சுவரும் பீரங்கியுமாகச் சதுரங்கப்பட்டினம். இரண்டுக்கும் நடுவே 1639-ல் ஆங்கிலேயர் இடம்பிடித்துக்கொண்டதால் சென்னை டச்சு ஊராகவில்லை. ஆனாலும் டச்சுப் படை மயிலாப்பூர்க் கரையைப் பார்க்காமல் இல்லை. சாந்தோமைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களை, கோல்கொண்டா படையோடு கைகோத்து 1674-ல் வெளியேற்றியது அவர்கள்தான். 1824 ஒப்பந்தத்தின்படி இந்தியக் கரையில் எஞ்சியிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை, இரு நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கடலோரத்தில் டச்சு மொழி பேசப்பட்டது.

இத்தனை காலம் இருந்த மொழி தமிழில் எதை விட்டுப் போனது? சென்னைக்காரர் வாயில் நாள்தோறும் புரளும் ‘துட்டு’, டச்சுச் செப்புக்காசின் பெயர். ‘கக்கூஸ்’ அவர்கள் கொடுத்த இன்னொன்று. அதை நினைவுச்சின்னமாக யாரும் கொண்டாடுவதில்லை. டச்சுக்காரர் ஆண்ட யாழ்ப்பாணத்தில் அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’, மேசை இழுப்பறைக்கு ‘லாச்சி’. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் எல்லாம் பெயர்ச்சொற்கள். மேல், கீழ், பக்கம், இடையில் என்று இடம் காட்டும் டச்சுச் சொல் ஒன்றுகூடத் தமிழுக்குள் வரவில்லை.

கந்தோரையே எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸில் இருக்கிறேன் என்பதற்கு டச்சுக்காரர் ‘ஓப் காண்டோர்’ என்பார். ‘ஓப்’ என்றால் மேல். டச்சுக்காரர் ஆபீஸின் மேலேதான் இருப்பார், பள்ளிக்கூடத்தின் மேலேதான் படிப்பார். யாழ்ப்பாணத்தார் காண்டோரை வாங்கிக்கொண்டார், ஓப்பைக் கழற்றிப் போட்டார், ‘கந்தோரிலை’ என்று சொந்த உருபை ஒட்டிக்கொண்டார். சரக்கோடு பெயர் கரையிறங்கிவிடும். சரக்கு எதன்மேல் இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் சின்னச் சொற்கள் அப்படி இறங்குவதில்லை. அவற்றுக்கு யாராவது உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும்.

படிப்பதும் லேசில்லை. தமிழில் இடம் காட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வரும்: மேசைக்கு அடியில், வீட்டுக்கு எதிரே. டச்சில் அது முன்னால் வரும்: ‘ஓண்டர்’ என்று தொடங்கிய பிறகுதான் மேசை. ஒப்பிடும்போது தமிழ் ‘விட’ என்ற ஒரு சொல்லோடு வேலையை முடித்துவிடும். பெரிது பெரிதாகவே இருக்கும். டச்சில் ‘க்ரோட்’ பெரிது, ‘க்ரோதர்’ இன்னும் பெரிது, ‘க்ரோட்ஸ்ட்’ எல்லாவற்றிலும் பெரிது. நன்னூல் எழுதிய பவணந்தியார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொன்னார். ‘பழவேற்காட்டின் தெற்கு’ என்ற திசைக்கும் ‘தேனின் இனிது’ என்ற ஒப்புக்கும் ஒரே ‘இன்’ போதும். டச்சு மாணவருக்கு இவை தனித்தனிப் பாடங்கள்.

அந்தப் பாடத்தைக் கற்க அன்று சோழமண்டலக் கரையில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. டச்சுக்காரர் வருவதற்கு நூறாண்டு முன்பே போர்த்துகீசியர் வந்துவிட்டார்கள். துறைமுகங்களில் அவர்களுடைய மொழியே பொதுமொழி. 1630-களில் பழவேற்காட்டில் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்து சமய வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில். ரொகேரியுஸ் இறந்தபின் 1651-ல் லைடனில் வெளிவந்த அந்த நூலில் பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்கள்கூட டச்சில் இடம்பெற்றன. சமஸ்கிருதம் போர்த்துகீசியம் வழியாக டச்சுக்குப் போயிற்று. பத்மநாபனுக்கு டச்சு தேவைப்படவே இல்லை.

துணி வியாபாரமும் அப்படித்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, மாதிரித் துணியைக் கொடுத்து ‘இதைப் போல’ வேண்டும் என்று கேட்கும். வந்த துணி மாதிரியைவிட முரடா, மெல்லியதா என்பதில்தான் விலையும் சண்டையும். அந்தச் சண்டையை இடையில் நின்ற வியாபாரிகளும் துபாஷிகளும் பார்த்துக்கொண்டார்கள்.

1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த படையோடு வந்த பாதிரி பிலிப்புஸ் பல்தேயுஸ் இந்த மொழிச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். ஊரார் எல்லோரும் டச்சு கற்பதைவிட, வந்தவர் ஒருவர் தமிழ் கற்பது சுலபம் என்பது அவர் கட்சி. 1672-ல் ஆம்ஸ்டர்டமில் அச்சான அவருடைய பெரிய நூலில் தமிழ் எழுத்துகளும் இலக்கணக் குறிப்புகளும் சேர்ந்தன. கம்பெனி மேலிடத்துக்கு வேறு எண்ணம். டச்சு தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்று இலங்கையில் உத்தரவு போட்டார்கள். மொழியைத் தண்டனையாகப் புகட்டப் பார்த்த அந்த உத்தரவு மொழியைப் பரப்பவில்லை. டச்சுக் குடும்பங்களின் அடுக்களையிலேயே போர்த்துகீசியம் பேசப்பட்டது.

டச்சை முறையாகக் கற்ற தமிழர்கள் உருவானது பள்ளியில். 1690-ல் நல்லூரிலும் 1696-ல் கொழும்பிலும் கம்பெனி குருமடங்களைத் திறந்தது. கொழும்பு மடத்தில் படித்துத் தேறியவர்களில் முதன்மையானவர் பிலிப்பு தெ மெல்லோ. 1723-ல் பிறந்த இவருக்கு டச்சும் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கைவந்தன. டச்சுத் திருச்சபையில் குருப்பட்டமும் பெற்றார். அவர் மொழிபெயர்த்த வேதாகமப் பகுதிகள் கொழும்பு அச்சகத்தில் தமிழில் அச்சேறின. சைமன் காசிச்செட்டி 1859-ல் தமிழ்ப் புலவர்களைத் தொகுத்தபோது தெ மெல்லோவுக்கும் இடம் கொடுத்தார், டச்சு தெரிந்தவர் என்பதற்காக அல்ல, தமிழ்ச் செய்யுள் இயற்றியவர் என்பதற்காக.

சின்னச் சொற்களுக்குப் பெரிய விலை இருந்தது காணி விவகாரத்தில். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி, அவ்வூர்த் தமிழரின் சொத்து வழக்கங்களை 1707-ல் டச்சில் எழுதி முடித்தார். யான் பீரிஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தார்கள். அதுதான் தேசவழமை, இலங்கையில் இன்றும் சட்டம். காணியை விற்பதென்றால் பங்காளிக்கும் அண்டைக் காணிக்காரருக்கும் முதலில் கேட்க உரிமை உண்டு என்று அன்று எழுதப்பட்ட ஏற்பாடு அதில் முக்கியமானது. இதே மாதிரி முன்னுரிமைக்கு ஹாலந்துச் சட்டத்திலும் ஒரு பெயர் இருந்தது: ‘நாஸ்திங்’. பக்கத்தில் என்று பொருள்படும் ‘நாஸ்த்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அண்டை என்பதை எந்தச் சொல்லால் எழுதுவது என்பதில் ஒருவரின் பனங்காணி கைமாறலாம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படித்தது வீண் சடங்கில்லை.

இன்று பாடத்தின் திசை மாறிவிட்டது. ஐந்தோவனுக்கோ ஆம்ஸ்டல்ஃபேனுக்கோ கணினி வேலையாகப் போகிற சென்னைக் குடும்பங்கள் தாமே டச்சுப் புத்தகத்தைத் திறக்கின்றன. நெதர்லாந்தில் இருக்கும் துணையோடு சேரப் போகிறவர்கள் புறப்படும் முன்பே அடிப்படைத் தேர்வு எழுத வேண்டும் என்ற சட்டம் 2006-ல் வந்தது. உயர்திறன் பணியாளரின் துணைக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அங்கேயே தங்கிக் குடியுரிமை கேட்கும்போது மொழித் தேர்வு வந்து நிற்கும். அதனால் ஆதம்பாக்கத்து அடுக்ககத்திலிருந்து புறப்படுகிறவரும் ‘லிங்க்ஸ்அஃப்’ இடப்பக்கம், ‘ரெக்த்ஸ்அஃப்’ வலப்பக்கம், ‘ரெக்த்தோர்’ நேரே என்று தொடங்க வேண்டியதுதான். முன்னால் என்பதற்கும் ‘உனக்காக’ என்பதற்கும் ‘ஃபோர்’ ஒன்றே என்பது முதல் தடுக்கல். ‘ஓஸ்ட் வெஸ்ட், தௌஸ் பெஸ்ட்’, அதாவது கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வீடே மேல் என்ற பழமொழி, திசையையும் ஒப்பையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுத்துவிடும். கப்பலேறி ஜாவா வரை போன ஒரு கூட்டத்தின் பழமொழி இது என்பது வேடிக்கை.

‘விட’ என்பதற்குப் பாடநூல் சொல்லும் சொல் ‘தன்’: ‘க்ரோதர் தன்’. சமமாக இருந்தால்தான் ‘அல்ஸ்’ வரும் என்பது விதி. 1730-ல் பல்தாசர் ஹௌதெகோப்பர் என்ற இலக்கிய அறிஞர் இதை வற்புறுத்தினார். அதற்கு முன்பு நல்ல எழுத்தாளர்களே இரண்டையும் கலந்து எழுதினார்கள். பள்ளிக்கூடங்கள் விதியைப் பிடித்துக்கொண்டன, தெருப் பேச்சு பிடித்துக்கொள்ளவில்லை. ஆம்ஸ்டர்டம் டிராமில் ‘க்ரோதர் அல்ஸ்’ இன்றைக்கும் சரளமாகக் காதில் விழும். தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும், எழுதியவர் பரம்பரை டச்சுக்காரராக இருந்தாலும்.