மருந்து அடித்தும் பப்பாளியில் மாவுப்பூச்சி திரும்ப வருதா? பக்கத்து காலி மனையைப் பாருங்க!

வீட்டுப் பப்பாளி மரத்தில் மாவு அப்பியது போல வெள்ளையாகப் பூச்சி ஒட்டியிருக்கும். மருந்து அடித்தால் நாலு நாள் காணோம். சில வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் ஆஜர். "மருந்து டூப்ளிகேட் போல" என்று கடைக்காரரைத் திட்டும் முன், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் நல்ல மழை பெய்தால் போதும், காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிவிடும். கேரட் இலை மாதிரி இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. அதுதான் இந்தப் பூச்சியின் இன்னொரு வீடு.

மாற்று ஓம்புயிரி என்றால் என்ன?

ஒரு பூச்சியோ நோய்க்கிருமியோ தங்கி, தின்று, பெருகும் உயிர்தான் அதன் ஓம்புயிரி. நமக்குத் தெரிந்த பயிரைத் தவிர வேறு செடியிலும் அது பிழைக்க முடிந்தால், அந்தச் செடி மாற்று ஓம்புயிரி. பயிரை அறுத்தாலும், மருந்து அடித்தாலும், அங்கே போய் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பி வரும்.

இன்னொரு வகையும் உண்டு. சில பூஞ்சைகளுக்கு வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கவே இரண்டு வகைச் செடிகள் வேண்டும். கோதுமையைத் தாக்கும் தண்டுத் துரு நோய்க்கு இரண்டாவது செடி பார்பெரி என்ற முள்புதர். அதனால்தான் அமெரிக்கா 1918-ல் பார்பெரி புதர்களைத் தேடித் தேடி அழிக்கத் தொடங்கியது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே பார்பெரிக்குப் பெரிய பங்கு இல்லை. நீலகிரி, பழனி மலைகளில் வெயில் காலத்திலும் நிற்கும் கோதுமையில்தான் துரு பிழைத்து, காற்றோடு சமவெளிக்குப் போகிறது என்பதை விஞ்ஞானி கே.சி. மேத்தாவின் ஆய்வுகள் காட்டின. பூச்சியோ நோயோ எங்கே ஒளிகிறது என்று சரியாகக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. இந்தியாவில் முதன்முதலில் 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டது. அங்கே இதன் இயற்கை எதிரிகள் உண்டு, இங்கே இல்லை. பப்பாளியில் ஆரம்பித்து மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, தேக்கு என்று பரவியது. 60-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இது வாழும். களைகளில் பார்த்தீனியம், துத்தி, குப்பைமேனி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

அதிகம் தவித்தது பட்டு விவசாயிகள். மல்பெரி இலைதான் பட்டுப்புழுவுக்குச் சாப்பாடு. மருந்து அடித்தால் புழு செத்துப்போகும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது.

ஏன் மருந்துக்கு மசியவில்லை?

* உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு. மருந்து சரியாக ஒட்டாது.
* ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டைகளைச் சுற்றிப் பஞ்சு போன்ற பை இருக்கும்.
* பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆனால் குஞ்சுகள் காற்றில் பறந்தே அடுத்த செடிக்குப் போய்விடும். எறும்பு, துணி, வெட்டிய கிளை வழியாகவும் பரவும்.
* எல்லாவற்றுக்கும் மேல், பயிரில் மருந்து அடிக்கும்போது வேலியிலும் களையிலும் இருக்கும் கூட்டம் அப்படியே தப்பிக்கிறது.

ஜெயித்தது யார்?

ஒரு குட்டிக் குளவி! அசிரோஃபேகஸ் பப்பாயே என்று பெயர். புள்ளி அளவுதான் இருக்கும், நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் புழு உள்ளே இருந்தே பூச்சியைத் தின்று தீர்த்துவிடும்.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிறுவனம், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து இந்தக் குளவியையும் வேறு இரண்டு குளவி இனங்களையும் வரவழைத்தது. பரிசோதனைக்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அதே ஆண்டு வயலில் விடப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் பல இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். பூச்சி எந்தெந்தச் செடியில் ஒளிந்ததோ, குளவியும் அங்கேயே தேடிப்போய் வேட்டையாடியது. மருந்து எட்டாத வேலிச் செடி, குளவிக்குப் பண்ணையாகிவிட்டது. அதனால் கண்ணில் பட்ட செடிக்கெல்லாம் கடுமையான பூச்சிமருந்து அடித்தால், முதலில் சாவது மெழுகுக்குள் இருக்கும் பூச்சி அல்ல, வெளியே திரியும் குளவிதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. முதலில் உற்றுப் பாருங்கள். வீங்கிப் பழுப்பாகி, ஓட்டை விழுந்த பூச்சிக் கூடுகள் தெரிந்தால் குளவி வேலையில் இருக்கிறது. மருந்து வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.
2. குறைவாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தே உதிர்க்கலாம்.
3. அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி வேப்ப எண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கவும். வெயில் நேரத்தில் வேண்டாம்.
4. எறும்பு ஏறுவதைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும்; குளவியை நெருங்க விடாது.
5. பப்பாளியோடு செம்பருத்தி, கொய்யாவையும் சேர்த்துப் பாருங்கள்.
6. மரத்தைச் சுற்றியுள்ள பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். கையுறை, மாஸ்க் அவசியம். தோல் அலர்ஜி, மூச்சுத் தொல்லை வரலாம்.
7. வெட்டிய கிளைகளைக் காலி மனையில் வீசாதீர்கள். நாமே பூச்சியைக் குடிவைத்தது போல ஆகிவிடும்.

தென்னையிலும் இதே கதை

2016-ல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் இதே ரகம். தென்னையில் மட்டும் இருக்காது. வாழை, கொய்யா, சப்போட்டாவிலும் இருக்கும். வீட்டுத் தென்னை ஓலை கறுத்துப்போனால், கீழே நிற்கும் வாழை இலையைத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவிதான் எதிரி. மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன் அதையும் யோசிங்க.