பேட்ச் ஃபைலில் இருந்து பைத்தானுக்கு மாறுவது ஏன்? எங்கே கவனம் தேவை?

விண்டோஸில் தினமும் செய்யும் வேலையை டபுள் க்ளிக்கில் முடிக்கப் பலர் இன்னும் நம்பியிருப்பது பேட்ச் ஃபைலைத்தான். 1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் காலத்துச் சரக்கு. ஃபைலை காப்பி எடுக்க, பழசை அழிக்க இதுவே போதுமே, எதுக்கு பைத்தான்?

சிக்கல் இதுதான். பேட்ச் ஃபைலில் ஒரு வரி வேலை செய்யாவிட்டாலும், நாம் தனியாகச் சொல்லி வைக்காதவரை அடுத்த வரி ஓடிவிடும். 'பேக்கப் ஃபோல்டருக்குப் போ, அங்கே இருப்பதை அழி' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டார்கள். முதல் வரி நடக்காது. இரண்டாவது வரி, நிற்கிற இடத்தில் இருப்பதையே அழித்துவிடும். 'டெல்' கட்டளை அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

பைத்தானில் அந்த ஃபோல்டர் இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, எந்த வரியில் என்ன பிழை என்று காட்டும். ஆனால் ஒண்ணு. 'சப்பிராசஸ்.ரன்' மூலம் வேறு புரோகிராமை ஓட்டும்போது, அது பிழையோடு முடிந்தாலும் பைத்தான் கண்டுகொள்ளாமல் போய்விடும். 'செக்=ட்ரூ' என்று சேர்த்தால்தான் நிற்கும்.

விண்டோஸோடு பைத்தான் வராது, தனியாக இன்ஸ்டால் செய்யணும். ரெண்டு வரி வேலைக்கு பேட்ச் ஃபைலே போதும். எதையாவது அழிக்கிற ஃபைல் இருந்தால், அதை முதலில் மாத்துங்க.