சர்ப்பகந்தி வேரும் இருதயத்தின் தாளமும்

சர்ப்பகந்தியை வைத்தியர் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் வழங்கி வந்தனர். சிங்களத்தார் அதனை ஏகவேரிய என்பர். இருதயத்தின் தாளத்தைத் திருத்தும் பொருளொன்றும் அவ்வேரினுள் இருந்ததென்பது இருபதாம் நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது.

டில்லியில் ஆயுர்வேத, யுனானிக் கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், நாட்டு மூலிகைகளை இரசாயன முறையால் ஆராய வேண்டுமென விரும்பியவர். அவரது ஊக்கத்தால் ஜேர்மனியிற் பயின்று 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, தாயகம் திரும்பிச் சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்தார். 1931இல் அதிலிருந்து பல காரப்போலிகளைப் பிரித்து, ஒன்றுக்கு அஜ்மலீன் எனப் பெயரிட்டார். ஹக்கீம் 1927இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயர் வேரிலே நிலைத்தது.

ஆயினும் அஜ்மலீன் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கல்கத்தாவிற் சோப்ராவும் துணைவரும் 1933இல் ஆராய்ந்தபோதும், பம்பாயில் வக்கீல் 1949இல் எழுதியபோதும், இரத்த அழுத்தமே பேசப்பட்டது. 1952இல் சுவிற்சர்லாந்தில் ரெசர்ப்பீன் பிரிக்கப்பட்டதும் வேரின் புகழ் முழுவதும் அதனையே சார்ந்தது.

தாளத்தைத் திருத்தும் மருந்தைச் சோதிப்பதில் ஓர் இடர் உண்டு. நலமுள்ள விலங்கின் இருதயம் ஒழுங்காகவே துடிக்கும். திருத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. எனவே முதலில் தாளத்தைக் கெடுத்தல் வேண்டும். ஷெர்வ் என்பார் 1947இல் நாயின் சோணையறையில் அக்கொனைற்றீனை இட்டு அதனை விரைந்து துடிக்கச் செய்தார். அது நம் சித்த வைத்தியர் சுத்தி செய்தன்றி வழங்காத வச்சநாவி இனத்தின் நஞ்சேயாம். 1950இல் ஹரிஸ் வேறொரு வழி கண்டார். நாயின் முடியுருநாடியை ஒரேயடியாகக் கட்டினால் விலங்கு மாண்டுவிடும். ஆதலின் முதலில் அரைகுறையாக இறுக்கிச் சற்று நேரத்தின் பின் முற்றாகக் கட்டினார். விலங்கு பிழைத்தது; மாரடைப்புற்ற மனிதனிற் போன்றே சில மணி நேரத்தில் அதன் தாளம் குலைந்தது.

இத்தகைய தாளக்கேடுகளை அஜ்மலீன் அடக்குவதை அரோரா, மதன் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் 1956இல் வெளியிட்டனர். வேர் டில்லியிற் பகுக்கப்பட்டு அப்போது கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. பின்னர் ஜேர்மனியில் அஜ்மலீன் ஊசிமருந்தாக வழங்கலாயிற்று.

கொல்லாமையைப் பேணும் சமூகத்தில் இச்சோதனைகள் வினாவெழுப்பாமல் இரா. இந்திய மாநிலங்களவையில் உருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த மசோதாவின் பயனாய் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அது சோதனையை முற்றாக விலக்கவில்லை. மயக்கமருந்து கொடுக்கவேண்டுமென்றும், சிறு விலங்கினால் அதே பயன் கிடைக்குமிடத்துப் பெரு விலங்கைத் தவிர்க்கவேண்டுமென்றும் விதித்தது. இருதய ஆராய்ச்சியில் இவ்விதியைக் கைக்கொள்வது எளிதன்று. சுண்டெலியின் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை துடிப்பது. துடிப்பின்பின் அது மின்னிலை மீளும் முறையும் நம்முடையதன்று. நாயின் இருதயமோ நம்முடையதற்கு மிக அணித்தானது. இரக்கம் சுண்டெலியைக் காட்ட, உடலியல் நாயைக் காட்டுகின்றது.

நாயும் முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. அஜ்மலீனைப் போலவே சோடியம் வாயில்களை அடைக்கும் பிளெக்கைனைட்டு, என்கைனைட்டு என்பன விலங்குகளிலும் நோயாளரிலும் மிகைத்துடிப்பை நன்கு அடக்கின. மாரடைப்பிலிருந்து பிழைத்தோரிடம் அவற்றை ஒப்பிட்டுச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1991இல் விரிவாக வெளிவந்தது. மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தோர் 26 பேரே. தாளத்தை அடக்குவதும் உயிரைக் காப்பதும் ஒன்றென எண்ணியதே பிழை. ஆய்வுகூடம் முதலாவதை அளந்தது. இரண்டாவதை அளக்க மனிதரே வேண்டியிருந்தனர்.

அஜ்மலீன் இன்று பெரிதும் வேறொரு பணியைச் செய்கின்றது. புருகாடா சகோதரர் 1992இல் விவரித்த பரம்பரை இருதயநோய் சாதாரண மின்வரைபில் மறைந்திருக்கும். ஐயத்துக்குரியவரின் நாளத்தில் நிறைக்கேற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை, அஜ்மலீனை மெல்லச் செலுத்தினால் நோயின் அடையாளம் வரைபில் எழும். அக்கணமே ஊசி நிறுத்தப்படும். அதிர்ச்சி கொடுத்து இருதயத்தை மீட்கும் கருவி அருகே ஆயத்தமாயிருக்கும்.